திரையும் நினைவும்

கைபேசி இல்லாத மாணவர் இன்று நம் விடுதியில் ஒருவரும் இலர். காலையில் கண் விழிப்பதே அதன் முகத்தில்தான். ஆயினும், விரல் பட்டதும் ஒரு திரை மறைந்து மற்றொரு திரை தோன்றுகிறதே, அஃது எவ்வாறு நிகழ்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கணினி அறிவியல் பயிலும் நானும் அதனை மிக எளிய செயலென்றே கருதியிருந்தேன். அக்கருத்து தவறென்று எனக்கு உணர்த்தியது யமுனை ஆறு. அந்தக் கதையின் வாயிலாகவே இப்பொருளை விளக்க முயல்கிறேன்.

செயலி ஒன்றில் இரண்டு பொருள்கள் இன்றியமையாதவை. ஒன்று, பயனர் இப்போது எந்தத் திரையில் நிற்கிறார், எவ்வழியே அங்கு வந்தார் என்பது. இதனை நேவிகேஷன் என்பர். நான் திரைப்போக்கு என்கிறேன். மேசைமீது புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத் திரைகள் அடுக்கப்படுகின்றன. 'பின்செல்' என்றதும் மேலுள்ளது நீங்க, கீழுள்ளது தெரிகிறது. மற்றொன்று, செயலி அவ்வேளையில் நினைவில் வைத்திருக்கும் செய்திகள்: எதைத் தேர்ந்தோம், எதை எழுதினோம் என்பன. இதற்கு ஸ்டேட், அதாவது நிலை, என்று பெயர். இவ்விரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிடின் என்ன நேரும்?

என் அறைத்தோழர் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை பயில்பவர். யமுனை டில்லிக்குள் நுழையும் பல்லாவிலிருந்து, வஜிராபாத் அணைக்குக் கீழே நஜப்கர் வடிகால் கலக்குமிடத்திற்கு அப்பாலும், சில இடங்களில் நீரெடுத்து ஆராய்ந்து வந்தார். அளவுகளைக் குறிக்க ஆண்டிராய்டு கைபேசிக்கு ஒரு செயலி செய்து தருமாறு கேட்டார். நானும் மகிழ்ச்சியோடு செய்து கொடுத்தேன். முதல் திரையில் இடங்களின் பட்டியல். இடத்தைத் தொட்டால் அளவுகளை எழுதும் திரை. அங்கிருந்து நீர்ப்புட்டியைப் படமெடுக்க கேமரா. பிறகு திரும்பி வந்து 'சேமி'.

மூன்று வாரங்கள் சென்றன. ஒரு நாள் அவருடைய பேராசிரியர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "பல்லாவில் பிராணவாயு சுழியா?" என்று கேட்டாராம். கேட்க வேண்டியதுதான். குளிப்பதற்கேற்ற ஆற்றுநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமேனும் பிராணவாயு கரைந்திருக்க வேண்டுமென்பது நம் நாட்டு விதி. நஜப்கர் வடிகாலுக்குக் கீழே அது இல்லாமற்போவது பலரும் அறிந்த துயரம். ஆனால், நகரின் கழிவு கலக்குமுன் பல்லாவில் அவ்வாறு இருத்தல் இயலாது. கருவி பழுதா, நண்பரின் கவனக்குறைவா என்று ஐயம் எழுந்தது. இரண்டுமன்று, பிழை என்னுடையது.

நிகழ்ந்தது இதுதான். நண்பரின் கைபேசி விலை குறைந்தது, நினைவகமும் சிறிது. கேமரா திறந்ததும் இடம் போதாமல், பின்னணியிலிருந்த என் செயலியை ஆண்டிராய்டு முற்றிலும் நிறுத்திவிடும். படமெடுத்துத் திரும்பியதும் அதனை மீண்டும் எழுப்பும். அவ்வாறு எழுப்பும்போது திரையடுக்கை முன்போலவே அமைத்துத் தருகிறது; பெட்டிகளில் தட்டச்சிட்ட எண்களையும் தருகிறது. ஆனால், 'தேர்ந்த இடம் எது?' என்பதை நான் வியூமாடல் என்னும் பொதுப் பொருளில் வைத்திருந்தேன். 2017-இல் வந்த இவ்வுறுப்பு, கைபேசியைக் குறுக்காகத் திருப்பும்போது அழியாது. நானும் திருப்பித் திருப்பிப் பார்த்து மனநிறைவு கொண்டிருந்தேன். செயலியே நிறுத்தப்பட்டால் அதுவும் அழியும் என்பதை எண்ணவில்லை. புதிதாகப் பிறந்த வியூமாடல், பட்டியலின் முதல் இடத்தையே தேர்ந்ததாகக் கொண்டது. அம்முதல் இடம் பல்லா! எழுதும் திரையில் இடத்தின் பெயரைக் காட்டாததும் என் குற்றமே. திரை சரியாக இருந்தது, எண்கள் சரியாக இருந்தன, இடம் மட்டும் மாறிவிட்டது.

செயலி அடியோடு நின்றுபோயிருந்தால் நண்பர் அன்றே என்னிடம் சொல்லியிருப்பார். ஒழுங்காக நடப்பது போல நடித்ததுதான் தீங்காயிற்று.

திருத்தம் எளிது. கடிதத்தின் மேல்விலாசம் உறையின் மேலேயே இருக்க வேண்டும். தபால்காரரின் நினைவில் இருந்தால் போதாது. அதுபோல, எந்த இடத்திற்கான திரை என்பதை, அத்திரைக்குச் செல்லும் வழியிலேயே இட எண்ணாக எழுதி அனுப்பினேன். இப்போது திரையடுக்கு மீளும்போது இட எண்ணும் உடன் மீள்கிறது. பெயர், அளவு முதலியவற்றை அவ்வழியில் ஏற்றுதல் கூடாது; எண்ணைக் கொண்டு தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அரைகுறையாக எழுதிய குறிப்பையும் அவ்வப்போது அங்கேயே எழுதி வைத்தல் நன்று. ஒரு செய்திக்கு ஓர் இருப்பிடமே இருக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

நிற்க. திரைப்போக்கையும் நிலையையும் ஒரே பெட்டியில் இட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதுவும் செய்து பார்க்கப்பட்டதே. 2015-இல் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் ரீடக்ஸ் என்னும் நிலைக்களஞ்சியத்தை வெளியிட்டபின், ரியாக்ட் நேட்டிவ் செயலிகளில் திரையடுக்கையும் அதற்குள் வைக்கும் வழக்கம் எழுந்தது. ஒரே அடுக்கைக் களஞ்சியமும் திரைப்போக்கு நூலகமும் ஆளவே, தொல்லைகள் மிகுந்தன. ரியாக்ட் நேவிகேஷன் நூலகம் பின்னர் அவ்வழியை மூடிவிட்டது. மறுபுறம், 2022-இல் ஆப்பிள் தந்த நேவிகேஷன்ஸ்டாக், திரையடுக்கை ஒரு சாதாரணப் பட்டியலாகவே நிரலாளர் கையில் கொடுத்தது. 2025-இல் கூகுள் அறிமுகப்படுத்திய நேவிகேஷன் 3-உம் இவ்வழியே. பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் திரை தோன்றும்; நீக்கினால் மறையும். ஆக, இரண்டையும் சேர்ப்பது தவறன்று. ஒரு பொருளுக்கு இரண்டு உரிமையாளர் இருப்பதே தவறு.

செயலி செய்யும் நண்பர்கள் இச்சோதனையைத் தவறாமல் செய்க: முகப்புப் பொத்தானை அழுத்தி, கணினியிலிருந்து ஆணையிட்டுச் செயலியின் இயக்கத்தை நிறுத்தி, அண்மைப் பட்டியலிலிருந்து மீண்டும் திறவுங்கள். பட்டியலிலிருந்து தள்ளி நீக்குவது இதற்கு ஈடாகாது. அப்போது திரையடுக்கும் சேர்ந்தே போய்விடும். விலையுயர்ந்த நம் கைபேசியில் ஒருபோதும் தோன்றாத பிழை, ஏழை மாணவரின் கைபேசியில் நாள்தோறும் தோன்றக்கூடும்.

படங்களில் புட்டியின் சீட்டு தெரிந்த அளவுகளை மீட்டோம். தெரியாத பதினொன்றை விட்டுவிட நேர்ந்தது. நண்பர் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. "நாளை காலை ஐந்தரை மணி பஸ், நீங்களும் வாருங்கள்" என்றார். டில்லியின் தை மாதக் குளிரில், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, பல்லாக் கரையில் புட்டிகளைச் சுமந்து நின்றேன். எழுதும் திரையின் தலைப்பில் இப்போது இடத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது.