வாரண்ட் வந்தால் பயப்பட வேண்டாம்!

"வாரண்ட்" என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? வாசலில் போலீஸ்காரர், எதிர் வீட்டு ஜன்னலில் நாலு தலைகள், அப்படித்தானே? அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டினாற்போல் புரூக்லைன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1917-ல் ஜான் கென்னடி பிறந்தது அங்கேதான். அந்த ஊரில் ஒரு குடும்பப் பெண்ணுக்கு வாரண்ட் வந்தால் அவள் பதறுவதில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு படிக்க உட்காருகிறாள். அவள் ஊர்ச் சபையின் அங்கத்தினர். சபை எப்போது கூடும், என்னென்ன விஷயங்களைத் தீர்மானிக்கும் என்று சொல்லும் பட்டியலுக்குத்தான் அங்கே வாரண்ட் என்று பெயர்.

அந்தப் பெண் நீங்களேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் தேர்தலில் ஜெயித்திருக்கிறீர்கள். அடுத்தது என்ன?

முதலில் கொஞ்சம் பழைய கதை. புரூக்லைன் இருக்கும் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் 1630-களிலிருந்தே ஊர்க் காரியங்களை ஊரார் கூடித் தீர்மானிப்பது வழக்கம். ஓட்டுரிமை உள்ள யாரும் வரலாம், பேசலாம், ஓட்டுப் போடலாம். சிற்றூர்களில் இன்றும் அப்படித்தான். ஆனால் ஜனத்தொகை பெருகிவிட்டால் எந்த மண்டபத்தில் அத்தனை பேரையும் உட்கார வைப்பது? 1915-ல் புரூக்லைன் ஒரு வழி கண்டது. ஊரை வார்டுகளாகப் பிரித்து, வார்டுக்கு இத்தனை பிரதிநிதிகள் என்று தேர்ந்தெடுத்து அனுப்புவது. அந்த ராஜ்யத்தில் இதைச் செய்த முதல் ஊர் அதுதான். இப்போது 30 சொச்சம் ஊர்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது. புரூக்லைனில் 17 வார்டு, வார்டுக்கு 15 பேர், ஆக 255. ஆர்லிங்டன் என்ற ஊரில் 252 பேர். பதவி 3 வருஷத்துக்கு. சம்பளம்? ஒரு காசு கிடையாது.

அதே 1915 நவம்பரில், பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கலாமா என்று அந்த ராஜ்யத்து ஆண்களைக் கேட்டார்கள். "கூடாது" என்று பெருவாரியாகச் சொல்லிவிட்டார்கள்! 1920 வரை பெண்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடமும் குடிநீரும் குப்பையும்தான் சபைக்கு வரும் விஷயங்கள். அவற்றைப் பற்றி வீட்டில் யாருக்கு அதிகம் தெரியும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

சரி, சபைக்குப் போவோம். மேடையில் இருப்பவர் மாடரேட்டர், அதாவது அக்கிராசனர். அவரையும் ஊரார்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் அனுமதியில்லாமல் யாரும் வாய் திறக்க முடியாது. முன்னால் பேசியவர்மீது உங்களுக்கு எத்தனை கோபம் இருந்தாலும் அவரைப் பார்த்துப் பேசக் கூடாது. அக்கிராசனரைப் பார்த்தே சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடு. மறுநாள் காலையில் கடைத்தெருவில் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே!

புதிதாக வருகிறவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பூங்காவுக்கு வேலி போடும் தீர்மானம் நடந்துகொண்டிருக்கும். நீங்கள் எழுந்து, "அப்படியே எங்கள் தெருவுக்கு நாலு விளக்கும் போட்டுவிடுங்கள்" என்பீர்கள். செல்லாது! வாரண்ட்டில் அச்சிட்ட விஷயத்தின் எல்லையைத் தாண்டித் திருத்தம் கொண்டுவர முடியாது. இது வெறும் சட்டப் பிடிவாதம் அல்ல. வாரண்ட்டைப் படித்துவிட்டு, "வேலி சமாசாரம்தானே, நமக்கென்ன?" என்று வீட்டிலேயே இருந்துவிட்ட ஊரார் இருக்கிறார்களே, அவர்கள் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடந்துவிடக் கூடாது.

இன்னொன்று, பிரசங்கம் செய்வதுதான் வேலை என்று நினைப்பது. உண்மையான வேலை சபை கூடுவதற்குச் சில வாரங்கள் முன்பே உங்கள் சாப்பாட்டு மேஜையில் நடக்கிறது. ஒவ்வொரு தீர்மானத்தையும் ஒரு கமிட்டி அலசித் தன் அபிப்பிராயத்தை அச்சிட்டு அனுப்பும். அதைப் படிக்காமல் போனால் கை தூக்கும் பொம்மைதான். ஜூலை 1-ந் தேதி தொடங்கும் வருஷத்துக்கான வரவு செலவுத் திட்டமும் அதில் இருக்கும். 1980-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி, சொத்து வரியின் மொத்தத் தொகையை, புதுக் கட்டிடங்களால் வருவது நீங்கலாக, வருஷத்துக்கு இரண்டரை சதவிகிதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் ஊர் முழுவதையும் கேட்க வேண்டும். ஆகவே போர்வையைத் தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாது. நூலகத்துக்குக் கூட்டிக் கேட்டால் எதிலிருந்து குறைப்பது என்றும் நீங்களே சொல்ல வேண்டும். சிக்கனமாகக் குடித்தனம் செய்கிறவர்களுக்கு இது புதிதா என்ன?

ஓட்டெடுப்பு பழைய நாளில் குரல்தான். அக்கிராசனர் காதுக்கு எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அது ஜெயித்தது. சந்தேகப்பட்டு ஏழு பேர் எழுந்தால் எண்ணியாக வேண்டும். கடன் வாங்கும் தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இப்போது புரூக்லைனில் மின்கருவி வந்துவிட்டது. யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு பதிவாகிறது. இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று உங்களுக்கு ஒருவரும் உத்தரவிட முடியாது. ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று அடுத்த வீட்டு அம்மாள் கேட்கலாம். கேட்பாள்.

பத்து ஓட்டர்கள் கையெழுத்திட்டால் வருஷக் கூட்டத்தில் எந்த விஷயத்தையும் வாரண்ட்டில் ஏற்றிவிடலாம். அங்கத்தினராக இருக்க வேண்டியதுகூட இல்லை. சின்ன ஊர்ச் சபை என்ன சாதித்துவிடும் என்கிறீர்களா? 2020 நவம்பரில், தொற்றுநோய்க் காலத்தில், அங்கத்தினர்கள் அவரவர் வீட்டிலிருந்தே காணொளியில் கூடி ஒரு விதி செய்தார்கள். 2000 ஜனவரி 1-ந் தேதியோ அதற்குப் பின்போ பிறந்தவருக்கு ஊரில் எந்தக் கடையிலும் சிகரெட்டோ வேறு புகையிலைப் பொருளோ விற்கக் கூடாது. எத்தனை வயதானாலும் சரி! கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. பிறகு வேறு சில ஊர்களும் அதே வழியில் போயின. ஒரே கடையில் அண்ணனுக்கு விற்கலாம், தம்பிக்குக் கூடாது என்பது எனக்குச் சற்று விசித்திரமாகத்தான் படுகிறது. பிள்ளை பெற்றவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

இத்தனை அதிகாரமுள்ள நாற்காலிக்குப் பல வார்டுகளில் போட்டியே இருப்பதில்லை. சில சமயம் ஓட்டுச் சீட்டில் பெயரே இல்லாதவர், அக்கம்பக்கத்தார் கைப்பட எழுதிப் போட்ட சில ஓட்டுகளில் ஜெயித்துவிடுவார். நீங்களும் அப்படித்தான் வந்தீர்களோ என்னவோ! கூட்டம் முடிய இரவு பத்து, பதினொன்று ஆகும், மறுநாளும் தொடரலாம். கைப்பையில் ஒரு ஸ்வெட்டரும் நாலு பிஸ்கோத்தும் இருக்கட்டும்.