விடியுமுன்னே வாசலில்: மார்கழிக் கோலத்தின் ராத்திரி ரகசியங்கள்

காலையில் தெருவில் நடந்துபோகிறவர்களுக்குக் கோலம் மட்டும்தான் தெரியும். அதற்காக முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடுகிற பரபரப்பு இருக்கிறதே, அதைப் பார்த்தால்தான் முழு ஆனந்தம்! வாருங்கள், அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெரு ஒன்றுக்குள் எட்டிப் பார்ப்போம். மார்கழி மாதம். பொங்கல்வரைக்கும் தினம் ஒரு கோலம், போட்டதையே திரும்பப் போடக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கோல நோட்டு வெளியே வருகிறது. ஓரமெல்லாம் மடங்கி, அம்மா போட்ட கோலமும் ஆச்சி போட்ட கோலமும் ஒரே அட்டைக்குள் இருக்கிற பொக்கிஷம்!

"யக்கா, நாளைக்கு மயிலு போடுவமா?"

"மயிலு எதிர்வீட்டு மதினி இன்னைக்கே போட்டுட்டாக. நாம மல்லிப்பூ போடுவோம்."

மல்லியை இங்கே யாரும் படம் பார்த்துப் போட வேண்டியதில்லை. இந்த வட்டாரம் மல்லித் தோட்டம் கண்ட பூமி. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்குப் பக்கத்துச் சொந்தம். பனி கொட்டுகிற மார்கழியில் செடியில் மொட்டு குறைந்து, விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். வாசலிலோ கூடை கூடையாகப் பூத்துக்கிடக்கும்! பருத்திக்காய் வெடித்திருக்கும், கம்பங்கதிர் சாய்ந்திருக்கும், பனைமரத்தில் கிளி உட்கார்ந்திருக்கும். வானம் பார்த்த கரிசல் காட்டில் கண்ணில் பட்டதெல்லாம் மறுநாள் கோலத்துக்கு வந்துசேர்கிறது.

இத்தனையும் ஒரு கையால் தினம் தினம் எப்படி முடிகிறது? அந்த ரகசியம் புள்ளியில் இருக்கிறது. வெறுந்தரையில் எதைப் போடுவது என்று யாரும் திகைத்து நிற்பதில்லை. முதலில் புள்ளி. "7 புள்ளி, இடைப்புள்ளி, 4 வரை" என்று ஒரு வரி சொன்னால் போதும். நடுவரிசையில் 7, அதன் இரண்டு பக்கமும் 6, 5, 4 என்று குறைந்துகொண்டே போய் மொத்தம் 37 புள்ளி தரையில் உட்கார்ந்துவிடும். இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வருகிற இடைப்புள்ளி வைத்தால் நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளி அமையும், ஆறிதழ்ப் பூ தானாகவே விரியும். புள்ளிக்கு நேரே புள்ளி வருகிற நேர்ப்புள்ளி வைத்தால் நான்கு பக்கமும் சமமாக நிற்கும் பூ. சேலைக்கரைக்கு மாங்காயும் ருத்திராட்சமும் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக ஏறுவதைப் பார்த்து வளர்ந்த வீட்டில் இந்தக் கணக்கு சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்துக் கணினி ஆய்வாளர்களே மயங்கினார்கள்! தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலம் உருவாகும் விதத்தைக் கணினிக்கான இலக்கண விதிகளாக எழுதி 1974-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். வாசலில் குனிந்து நிற்கும் பெண்ணின் விரலுக்குள் அத்தனை விதிகளும் ஏற்கெனவே இருந்தன!

இப்போது விடிகாலை, இருட்டுப் பிரியவில்லை. வாசல் பெருக்கி, சாணம் தெளித்தாயிற்று. ஈரம் சுவறட்டும் என்று ஒரு நிமிஷம் காத்திருக்கிறார்கள். ஈரம் மிஞ்சினால் மாவு கட்டிதட்டும், காய்ந்துபோனால் காற்று அள்ளிக்கொண்டு போகும். சிரட்டையில் மாவு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை. கட்டைவிரல் மெல்ல உருட்ட உருட்ட, நூல் பிடித்தாற்போல் வெள்ளை இழை இறங்குகிறது. தங்கை போன் வெளிச்சம் காட்ட, அக்கா பின்னாலேயே நகர்கிறாள். சாணம் தெளித்த கரிசல் மண்ணில் அந்த வெள்ளை எவ்வளவு எடுப்பாக இருக்கிறது தெரியுமா!

அடுத்து, பூசணிப்பூ! கொடியில் எது ஆண்பூ, எது பெண்பூ என்று இங்கே சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீளக் காம்பில் தனியாக நிற்பது ஆண்பூ. அடியில் குட்டிக்காய் திரண்டிருந்தால் பெண்பூ, அதைப் பறித்தால் காய் போச்சு. ஆண்பூவை மட்டும் பறித்து, சாண உருண்டையில் செருகிக் கோலத்தின் நடுவில் வைக்கிறார்கள். அதோடு முடிந்ததா? தென்மாவட்டங்களில் பல ஊர்களில் அந்த உருண்டையைப் பூவோடு எருவாகத் தட்டிக் காயவைத்து, மாதம் முழுக்கச் சேர்ப்பார்கள். தை பிறந்ததும் பெண்பிள்ளைகள் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து, சேர்த்ததையெல்லாம் ஆற்றிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விடுவார்கள்.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் திருச்சுழியில் மார்கழித் திருவாதிரைக்குத் தனிப் பெருமை. 1879-இல் ரமண மகரிஷி இந்த ஊரில் பிறந்தது ஆருத்ரா தரிசன இரவில்தான். அந்த நாளில் சன்னதித் தெருவில் கோலத்தை மிதிக்காமல் நடக்க நம் கால்தான் இடம் தேட வேண்டும்!

பார்த்துக்கொண்டே நின்றால் எப்படி? நாளைக்கே நீங்களும் போடுங்கள். 5 புள்ளி, இடைப்புள்ளி, 3 வரை. மொத்தம் 19 புள்ளிதான். நடுப்புள்ளியிலிருந்து சுற்றியுள்ள ஆறு புள்ளிக்கும் ஆளுக்கோர் இதழ். ஒவ்வோர் இதழின் நுனியிலிருந்தும் நேரே எதிர்ப்படும் மூலைப்புள்ளிக்கு ஒரு மொட்டு. மிச்சமிருக்கும் புள்ளிகள் வழியாக மூலைக்கு மூலை ஒரு வளைவு. உங்கள் வாசலிலும் மல்லி பூத்துவிட்டது! அடுத்த நாளைக்கு என்ன என்று யோசிக்கத் தொடங்குங்கள், எதிர்வீட்டில் கேட்பார்கள்.