தெரிவும் தீர்ப்பும்

காரியம் முடிந்தபின் அறிவுரை கூறுவதற்கு எந்த நாட்டிலும் ஆட்பஞ்சம் இல்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ, அது ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு விழாவாகவே வளர்ந்துள்ளது. ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டின் தொழில்முறை உதைபந்தாட்டக் குழுக்கள், கல்லூரிகளில் விளையாடிவரும் இளைஞர்களைத் தமக்கெனத் தெரிவு செய்கின்றன. தெரிவு செய்யப்பட்ட இளைஞன் குழுவின் சீருடையில் ஒரேயோர் ஆட்டமேனும் ஆடுமுன்னரே, அத்தெரிவு சரியா பிழையா என்று நாடெங்கும் தீர்ப்புகள் எழுந்துவிடுகின்றன. அவற்றுள் எவ்வகைத் தீர்ப்பு மதிக்கத்தக்கது, எவ்வகைத் தீர்ப்பு தள்ளத்தக்கது என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது, நேயர்கள் நம் ஊர் மைதானங்களிற் காணும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும் எதிரியின் எல்லையைக் கடக்க முயல்வதே அவ்வாட்டம். பக்கத்துக்கு 11 பேர் ஆடுவர். அவர்களுள் ‘குவாட்டர்பக்’ எனப்படுபவரே ஆட்டத்தை நடத்துபவர். பந்து பெரும்பாலும் முதலில் அவர் கைக்கே வரும். அதனை யாருக்குக் கொடுப்பது, எங்கே எறிவது என்பதை அவர் சில விநாடிகளுள் முடிவு செய்தல் வேண்டும். பந்தை அவரிடமிருந்து வாங்கி, எதிரிகளை ஊடறுத்து ஓடுபவர் வேறொருவர். நடத்துபவர், ஓடுபவர் என்னும் இவ்விருவரின் வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

இத்தெரிவு முறை தோன்றிய காரணம் நியாயமானது. முன்னாளில் கல்லூரியை விட்டு வெளியேறும் வீரர் தாம் விரும்பிய குழுவிற் சேரலாம். ஆகவே, பணமும் புகழும் உடைய குழுக்கள் சிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டன. நலிந்த குழுக்கள் மேலும் நலிந்தன. பிலடெல்பியா நகரத்து ‘ஈகிள்ஸ்’ குழுவின் உரிமையாளரான பேட் பெல் என்பவர் 1935 இல் இதற்கொரு பரிகாரம் கூறினார். முந்திய பருவத்திற் கடைசியாக நின்ற குழு முதலிலே தெரிவு செய்யட்டும்; முதலிடத்தில் நின்ற குழு இறுதியிலே தெரிவு செய்யட்டும் என்பதே அது. மற்றைய குழுக்களும் இணங்கின. 1936 பெப்ரவரி 8 ஆம் நாள் பிலடெல்பியாவில் 9 குழுக்கள் கூடி 81 பேரைத் தெரிவு செய்தன. முதலாவதாக அழைக்கப்பட்ட பெயர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கர் என்பதாகும். முந்திய ஆண்டின் தலைசிறந்த கல்லூரி வீரர் எனப் பரிசு பெற்ற அவர், தொழில்முறை ஆட்டம் ஒன்றிலேனும் ஆடாது வேறு தொழிலை நாடிச் சென்றார். இம்முறையின் முதலாவது தெரிவே கைகூடாத தெரிவாயிற்று.

இன்று 32 குழுக்கள் 7 சுற்றுகளில் தெரிவு செய்கின்றன. 1980 முதல் இந்நிகழ்ச்சி தொலைக்காட்சியிலும் காட்டப்படுகிறது. குழுவினரின் மூடிய அறைகளில் நடந்தேறிய காரியம் ஊரறிந்த காரியமாயிற்று; ஊரார் ஒவ்வொருவரும் தம்மைத் தெரிவாளராக எண்ணவும் தலைப்பட்டனர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1999 ஆம் ஆண்டுத் தெரிவாகும். முந்திய பருவத்தில் பிலடெல்பியாக் குழு 16 ஆட்டங்களில் 3 இல் மாத்திரம் வென்றிருந்தமையால், அதற்கு இரண்டாம் இடம் கிடைத்தது. கல்லூரி ஆட்டத்திற் பெருஞ்சாதனை படைத்த ஓட்டக்காரரான றிக்கி வில்லியம்ஸ் தம் குழுவுக்கு வரவேண்டுமென அந்நகரத்து இரசிகர் பலர் விரும்பினர். வானொலி நிகழ்ச்சியொன்றின் தூண்டுதலால், ஏறக்குறைய 30 இரசிகர் தெரிவு நடைபெற்ற நியூயோர்க் நகருக்கே சென்றிருந்தனர். குழுவின் புதிய பயிற்றுநரான அண்டி றீட், ஓட்டக்காரரை விடுத்து, டொனவன் மக்னாப் என்னும் குவாட்டர்பக்கைத் தெரிவு செய்தார். பெயர் அறிவிக்கப்பட்டதும் அவ்விரசிகர் உரத்த குரலில் ஏளனஞ் செய்து கூவினர். வாழ்வின் பெருமைக்குரிய நாளிலே மேடையேறிய 22 வயது இளைஞனை வரவேற்றது அந்தக் கூச்சலே.

பின்பு நிகழ்ந்தது யாது? மக்னாப் அக்குழுவில் 11 பருவங்கள் ஆடினார். அக்காலத்திற் பிலடெல்பியாக் குழு 5 முறை தன் பிரிவின் இறுதியாட்டம்வரை சென்றது. 2005 பெப்ரவரியில் நாட்டின் முதன்மைக் கிண்ணத்துக்கான ஆட்டத்திலும் ஆடி, 3 புள்ளிகளால் அதனை இழந்தது. கூவியவர்கள் பிழைத்தார்கள், குழுவினர் வென்றார்கள் என்று கூறி இக்கதையை முடித்துவிடுவதே வழக்கம். ஆனால், கதை அத்தனை எளிதன்று.

அதே நாளில் முதலாம் இடத்தில் கிளீவ்லந்துக் குழு ரிம் கவுச் என்பவரையும், மூன்றாம் இடத்திற் சின்சினாற்றிக் குழு அக்கிலி சிமித் என்பவரையும் தெரிவு செய்தன. இவ்விருவரும் குவாட்டர்பக்குகளே. ‘ஓட்டக்காரரைவிட ஆட்டத்தை நடத்துபவரே குழுவுக்கு இன்றியமையாதவர்’ என்னும் எண்ணமே மூன்று குழுக்களையும் வழிநடத்தியது. எண்ணம் ஒன்றாயினும் பலன் வேறு வேறாயிற்று. கவுச்சின் ஆட்டவாழ்வு 5 பருவங்களுடன் முடிந்தது. சிமித் தமது குழுவுக்காக 17 ஆட்டங்களையே தொடங்கிவைத்தார். முடிவை மாத்திரம் நோக்கின், ஒரே நியாயத்தைப் பிலடெல்பியாவில் அறிவு என்றும், ஏனைய இரண்டு நகரங்களில் அறியாமை என்றும் சொல்ல நேரும். அது எவ்வாறு பொருந்தும்?

ஆதலின், தெரிவு செய்யப்பட்டவர் யார் என்பதோடு, தெரிவின்பின் அவர் எவ்வாறு வளர்க்கப்பட்டார் என்பதையும் நோக்குதல் வேண்டும். அண்டி றீட் தம் இளைஞரை உடனே களத்தின் நடுவில் நிறுத்தவில்லை. அனுபவமுள்ள ஒருவரின் பின்னே இருந்து கற்கவிட்டு, பருவத்தின் பாதி கழிந்த பின்னர், நவம்பர் மாதத்திலேதான் ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். கிளீவ்லந்துக் குழுவோ அந்த ஆண்டில் புதிதாக மீண்டும் அமைக்கப்பட்ட குழு. தன் குவாட்டர்பக்கைக் காத்துநிற்கும் வலிமை அதற்கில்லை. அக்குழு கவுச்சைப் பருவத்தின் இரண்டாவது ஆட்டத்திலேயே பொறுப்பேற்கச் செய்தது. அந்த ஆண்டில் 2 ஆட்டங்களையே வென்றது. சின்சினாற்றியிலோ ஊதிய ஒப்பந்தம் பற்றிய இழுபறியால், சிமித் பருவத்துக்கு முந்திய பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியை இழந்தார். திருவள்ளுவர், ஒருவரை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தபின் அவரை வினையில் அமர்த்தி ஆளுவதற்கு அடுத்து வேறோர் அதிகாரமும் வகுத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. முன்னதைக் குறித்து வாய் ஓயாது பேசுவோர் பின்னதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை.

இனி, றிக்கி வில்லியம்ஸின் கதையைக் காண்போம். நியூ ஓர்லியன்ஸ் குழுவின் பயிற்றுநர் மைக் டிற்கா அவரை அடைந்தே தீர்வதென உறுதிகொண்டார். தமது 12 ஆம் இடத்திலிருந்து 5 ஆம் இடத்துக்கு முன்னேறும்பொருட்டு, அந்த ஆண்டில் தமக்கிருந்த 6 தெரிவுகள் அனைத்தையும், அடுத்த ஆண்டின் முதற் சுற்றுத் தெரிவையும் மூன்றாஞ் சுற்றுத் தெரிவையும் வாஷிங்டன் குழுவுக்குக் கொடுத்தார். ஓர் இளைஞனுக்கு விலை 8 இடங்கள்! வில்லியம்ஸ் திறமையற்றவரல்லர். பிற்காலத்தில் மயாமிக் குழுவிற் சேர்ந்து, 2002 ஆம் ஆண்டுப் பருவத்தில் நாட்டிலேயே மிகுந்த தூரம் ஓடியவர் அவர். ஆயினும், நியூ ஓர்லியன்ஸ் குழு 1999 ஆம் ஆண்டுப் பருவத்தில் 3 ஆட்டங்களையே வென்றது, டிற்கா பதவியிழந்தார். குழு தாழ்ந்தமையால், அது விட்டுக்கொடுத்த மறு ஆண்டின் முதற் சுற்றுத் தெரிவு நாட்டின் இரண்டாவது தெரிவாக உயர்ந்து வாஷிங்டனுக்குப் பயன்பட்டது. வாங்கிய பொருள் நல்லது. கொடுத்த விலையே தகாதது. இதனைக் காண வருங்காலத்தை அறியும் ஞானம் வேண்டியதில்லை. எண்மர் நிற்க வேண்டிய இடங்களை ஒருவர் நிரப்ப முடியாதென்பது அன்றே தெரிந்த உண்மை. எனவே, அன்று அவ்வியாபாரத்தைக் குறைகூறியவர்கள் நேர்மையான தீர்ப்பையே வழங்கினர்.

இவ்வாறு விலை மிகுவதற்குக் காரணம் என்ன? கேட் மசி, றிச்சட் தேலர் என்னும் இரு அறிஞர் இதனை ஆராய்ந்து, தம் கட்டுரையை 2013 இல் வெளியிட்டனர். இவர்களுள் தேலர் 2017 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒரு பதவிக்கு முன்னே தெரிவான வீரரையும், அதே பதவிக்கு அவரை அடுத்துத் தெரிவானவரையும் அவர்கள் ஒப்புநோக்கினர். முன்னவர் பின்னவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு 100 க்கு 52 அளவே எனக் கண்டனர். இது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதினின்றும் அதிகம் வேறுபட்டதன்று. தெரிவாளர்க்கு அறிவே இல்லை என்பது இதன் கருத்தன்று. முதல் இடங்களிலே தெரிவானவர்கள், மிகப் பிந்தித் தெரிவானவர்களைவிடச் சராசரியாக நன்றாகவே ஆடுகின்றனர். அருகருகே நிற்கும் இருவருள் யார் மேலானவர் என்பதைத் துணிந்து கூறுவதே அரிது. அந்த அரிய காரியம் தமக்கு எளிது என்று நம்புவோரே, ஓர் இடம் முன்னேறுவதற்கு அளவுக்கு மிஞ்சிய விலை கொடுக்கின்றனர். குறை அறியாமையில் இல்லை. எல்லாம் அறிந்தோம் என்னும் துணிவிலேதான் உள்ளது.

பின்னாளிற் புகழப்படும் தெரிவுகளையும் இதே தராசில் நிறுத்தல் வேண்டும். 2000 ஆம் ஆண்டில், ஆறாம் சுற்றில், 199 ஆவது பெயராக ரொம் பிறேடி என்னும் இளைஞரை நியூ இங்கிலாந்துக் குழு தெரிவு செய்தது. அவருக்கு முன்னர் 6 குவாட்டர்பக்குகள் தெரிவாகியிருந்தனர். ஆயினும், அவரே பின்னர் 7 முறை நாட்டின் முதன்மைக் கிண்ணத்தை வென்றார். ஏனைய குழுக்களின் குருட்டுத்தனத்தையும், நியூ இங்கிலாந்தின் கூர்மதியையும் இதனாற் பேசுவோர் பலர். அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். அதே குழு அந்த ஆண்டில் அவருக்கு முன்னர் வேறு 6 பேரைத் தெரிவு செய்திருந்தது. அவர் பெருமையை முன்னரே அறிந்திருப்பின், ஆறு முறை அவரைத் தாண்டிச் சென்றிருப்பார்களா? அக்குழுவின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. பிறேடியையும் சேர்த்து 4 குவாட்டர்பக்குகளை வைத்திருப்பது மிகையெனத் தோன்றியபோதும், முதற் பருவத்தில் அவரைக் கைவிடாது பேணியது. 2001 செப்டம்பரில் முதல்வராக நின்ற டுறூ பிளெட்சோ காயமுற்றபோது, ஆயத்தமாக இருந்த இளைஞர் அந்த இடத்தை ஏற்றார். தெரிவிலே நல்லூழும், பேணியதிலே நல்லறிவும் இருந்தன எனல் பொருந்தும்.

ஆகவே, தெரிவைக் குறைகூறுவது தவறன்று. குறைகூறுவோர் இல்லாவிடின், பொறுப்பிலிருப்போர் தம்மைத் திருத்திக்கொள்ளமாட்டார். ஆனால், நேர்மையான திறனாய்வு மூன்று கேள்விகளைக் கேட்டபின்னரே வாய் திறக்கும். தெரிவு நடந்த அன்று அறியக்கூடியதாயிருந்தது எது? அதற்காகக் கொடுக்கப்பட்ட விலை யாது? தெரிவானவரை வளர்ப்பதற்குச் செய்யப்பட்ட ஏற்பாடு என்ன? இம்மூன்றையும் கேட்பவர், நன்மை விளைந்த இடத்திலும் தவறான நியாயத்தைக் கண்டு எச்சரிப்பார். தீமை விளைந்த இடத்திலும் சரியான நியாயத்தை மதிப்பார். முடிவை மாத்திரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர், அதிட்டசாலியை அறிஞனென்றும், அதிட்டங் கெட்டவனை மூடனென்றும் உலகுக்குக் கற்பிப்பார். அப்பாடத்தைக் கற்கும் குழுக்கள் அடுத்த ஆண்டிலும் அதே பிழையையே செய்யும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு. குழுவினர் செய்த தெரிவைக் குறைகூறும் உரிமை இரசிகருக்கு உண்டு. தெரிவான இளைஞனை இழிவுசெய்யும் உரிமை எவருக்கும் இல்லை. எந்த இடத்தில் எவ்விலைக்குத் தெரிவு செய்யப்படுவது என்பதை அவன் தீர்மானிக்கவில்லை. பிறர் செய்த கணக்கின் பிழைக்கு, இன்னும் ஓர் அடியேனும் எடுத்துவையாத அவன் ஏன் ஏளனம் சுமத்தல் வேண்டும்? கவுச்சும் சிமித்தும் தோற்றபோது, குழுக்களின் தோல்வியும் சேர்ந்து அவ்விருவர் பெயரிலேயே எழுதப்பட்டது.

2013 செப்டம்பரில் பிலடெல்பியாக் குழு மக்னாப் அணிந்த 5 ஆம் இலக்கச் சீருடையை, இனி வேறெவரும் அணியாதவாறு அவருக்கே உரித்தாக்கியது. அந்தப் பெருமை அவர் தலையில் 1999 ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்ததன்று. மிகை விலை கொடாது தெரிவு செய்து, கூச்சலுக்கு அஞ்சாது காத்திருந்து, கற்பித்து, உரிய வேளையிற் பொறுப்பை ஒப்படைத்ததால் ஆண்டாண்டாக ஈட்டப்பட்ட பெருமை அது.