வேலையில்லாத வயரும் ஆபத்தானதே

வன்னியில் நாம் நீண்ட காலம் குப்பி விளக்கில் வாழ்ந்தவர்கள். 2009 இல் போர் முடிந்து, மாங்குளத்தில் மீளக்குடியமர்ந்த பின்னரே எமது வீடுகளில் மின்விளக்கு எரிந்தது. 2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாகத் தரப்பட்டது. கல்லையும் சீமெந்தையும் எண்ணிப் பார்த்து வீடு கட்டுவித்தவர்களில் துணையை இழந்த பெண்களும் பலர். அதே கண்ணால் வயரையும் பார்க்க வேண்டும்.

எனது வீட்டில் தண்ணீர் மோட்டரை வேறிடத்துக்கு மாற்றியபோது பழைய வயர் சுவரில் மிஞ்சியது. வேலைக்கு வந்தவர் முனைகளில் ரேப் சுற்றிவிட்டு, "இனி அது சும்மா வயர்தான் அக்கா" என்றார். ரெஸ்ரர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மங்கலாக எரிந்தது.

மறுமுனை மெயின் பெட்டியில் பூட்டியபடியே இருந்தால் அந்த வயரில் 230 வோல்ற் இருக்கும். கழற்றியிருந்தாலும், மின்சாரம் ஓடும் வயரோடு ஒட்டிக் கிடப்பதால் அதில் சிறிது மின் தூண்டப்படலாம். இரண்டில் எது என்று ரெஸ்ரரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆகவே மின்சாரம் உள்ள வயர் என்றே எண்ணி நடக்க வேண்டும்.

மெயின் சுவிச்சை நிறுத்தி, மறுமுனையையும் கழற்றச் செய்தேன். ஒவ்வொரு கம்பியும் தனித்தனிக் கனெக்ரரில் பூட்டப்பட்டு, மூடியுள்ள பெட்டிக்குள் வைக்கப்பட்டது. ரேப் மட்டும் போதாது. வெயில் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். இரு முனையிலும் "பழைய மோட்டர்" என்று எழுதிக் கட்டினோம். பின்னர் வருபவருக்கு அது உதவும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அயன்பெட்டிக்கு இரண்டு முள் பிளக் பூட்டும்போது, பச்சை வயர் தேவையில்லை என்று சிலர் வெட்டிவிடுகிறார்கள். பச்சையோ, பச்சையும் மஞ்சளும் கலந்ததோ, அது மிச்ச வயர் அல்ல, புவிக்கம்பி. உள்ளே உயிர்க்கம்பி கழன்று உலோகத்தில் பட்டால், மின்சாரம் அதன் வழியே நிலத்துக்கு ஓடும். ரிப் சுவிச் உடனே விழும். அது இல்லாவிட்டால் நமது உடலே மின்சாரம் ஓடும் வழியாகிவிடும். மூன்று முள் பிளக்கே பூட்டுங்கள்.

ரிப் சுவிச்சில் "ரி" என்ற சோதனைப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அது காப்பாற்றாது, மாற்ற வேண்டும்.

வயரிங் வேலை முடிந்ததும் கூலி கொடுக்குமுன் கேளுங்கள்: மிஞ்சிய வயர் எது? அதன் இரு முனையும் எங்கே? புவிக்கம்பி பூட்டியாயிற்றா? கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அந்தச் சுவரோரம் விளையாடுவது நம் பிள்ளைகள்.