நூறு மெகாபிட்டில் மீதி எவ்வளவு?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் உற்றார் உறவினர் உள்ள நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு குறை உண்டு. ஊர்வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தாயிற்று; ரசீதில் நூறு மெகாபிட் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் இரவு எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டால் பாட்டியின் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. உடனே நாம், 'இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்' என்கிறோம். அந்தப் பணத்தைக் கட்டும் முன் அளந்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

ரசீதில் இருப்பது கொள்ளளவு. நமக்கு வேண்டியதோ, மற்றவர்கள் எடுத்துக்கொண்டது போக அந்த நேரத்தில் மிஞ்சுவது. ரயில்வேயில் இது பழகிய கணக்கு. திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி ரயில் 1979-ல் ஒற்றைப் பாதையாக வந்தது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை, அப்பால் குழித்துறை. (1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போய், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிரிந்ததை மறுபடி இணைத்த தண்டவாளம் என்று நான் நினைப்பதுண்டு.)

ஒற்றைப் பாதையில் நாளொன்றுக்கு எத்தனை வண்டி விடலாம் என்பதற்கு ஸ்காட் சூத்திரம் உண்டு. நெருக்கடியான இரு நிலையங்களுக்கிடையே மெதுவான வண்டிக்கு 15 நிமிடம், பிளாக் வேலைக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 1440 நிமிடத்தை 20-ஆல் வகுத்தால் 72. நடைமுறையில் அதில் எழுபது சதவீதம்தான் கிட்டும், ஆக 50. ஏற்கெனவே 40 ஓடினால் மீதி 10. அடுத்த பகுதி இரட்டைப் பாதை, 80 வண்டி தாங்கும், ஆனால் 78 ஓடுகிறது என்றால்? புது வண்டிகளைத் தடுப்பது ஒற்றைப் பாதை அல்ல, அகலமான இரட்டைப் பாதைதான். இணையத்திலும் அப்படியே. வீட்டு ஃபைபர் காலியாக இருக்க, நெரிசல் வேறெங்கோ இருக்கலாம். அப்போது பெரிய திட்டம் வாங்கி என்ன பயன்?

கணினி வலையில் தகவல் சிறு பொட்டலங்களாகப் போகிறது. அவை கூட்டம் கூட்டமாக வருவதைக் கண்ட ராஜ் ஜெயின், ஷான் ரூதியர் இருவரும் 1986-ல் 'பாக்கெட் ரயில்' என்றே பெயர் வைத்தார்கள்! இரண்டு பொட்டலங்களை ஒட்டினாற்போல் அனுப்பினால், வழியிலுள்ள மிகக் குறுகிய இணைப்பு அவற்றுக்கு இடைவெளி உண்டாக்கும். 1500 பைட், அதாவது 12,000 பிட் உள்ள பொட்டலங்கள் 1.2 மில்லிவினாடி இடைவெளியில் வந்து சேர்ந்தால் அங்கே வேகம் வினாடிக்கு 10 மெகாபிட். ஆனால் இது பெரும்பாலும் கொள்ளளவைத்தான் சொல்லும்.

மீதியை அளக்க மனீஷ் ஜெயினும் கான்ஸ்டன்டினோஸ் டோவ்ரோலிஸும் 2002-ல் 'பாத்லோட்' என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரு பாக்கெட் ரயிலை ஒரே சீரான வேகத்தில் அனுப்புகிறார்கள். அந்த வேகம் மீதியைவிடக் கூடுதல் என்றால், வழியில் வரிசை நீண்டு, பின்னால் வரும் ஒவ்வொரு பொட்டலமும் முன்னதைவிடத் தாமதமாகும். குறைவு என்றால் தாமதம் வளராது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால் தாமதம் வளரத் தொடங்கும் இடமே மீதி. எனக்கு மிகவும் பிடித்த யுக்தி இது. வழக்கமான 'ஸ்பீட் டெஸ்ட்' பாதை நிரம்பும்வரை தகவலைத் தள்ளுகிறது. பாதை காலியா என்று பார்க்கச் சரக்கு வண்டிகளை விட்டுப் பார்ப்பது போலத்தான்.

பாத்லோட்டுக்கு இரு முனையிலும் மென்பொருள் வேண்டும். வீட்டில் ஸ்பீட் டெஸ்டே போதும். ஊரிலுள்ள தம்பி, மருமகன் யாரிடமாவது இப்படிச் செய்யச் சொல்லுங்கள். காலையில் அல்ல, நீங்கள் பேசும் நேரத்திலேயே அளக்கட்டும். பக்கத்து நகரத்து சர்வரோடு ஒரு முறை, நீங்கள் வசிக்கும் ஊர் சர்வரோடு ஒரு முறை. முன்னது நன்றாக இருந்து பின்னது மட்டும் மோசமென்றால் நெரிசல் வெளியே. திட்டத்தை மாற்றுவதால் தீராது. முக்கியமாக 'அப்லோடு' எண்ணைப் பாருங்கள். பாட்டியின் முகம் அந்த வழியாகத்தான் வருகிறது. சாதாரண வீடியோ அழைப்புக்கு ஒன்றிரண்டு மெகாபிட் சீராகக் கிடைத்தாலே போதும்.

ரவுட்டரிலிருந்து நேரே கேபிள் போட்டும், பிறகு பாட்டியின் அறையில் வைஃபையிலும் அளக்க வேண்டும். கேபிளில் எண்பது வந்து, அறையில் மூன்றுதான் என்றால் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பெட்டியை இரும்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து கூடத்துக்கு மாற்றக் கொஞ்சம் கேபிள் வாங்கினால் போதும்.