மூட்டை போகுது, ஆள் போகலையே!



ஏற்றுமதின்னு சொன்னதும் நமக்குக் கப்பலும் மூட்டையும்தான் ஞாபகம் வரும். ஆனால் கொழும்பிலிருந்து ஒரு பாட்டி நம்ம அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்து, கண்புரை ஆபரேஷன் செய்து, பணம் கட்டிவிட்டுத் திரும்பினால் அதுவும் இந்தியாவின் ஏற்றுமதிதான்! இதற்குச் சேவை ஏற்றுமதி என்று பெயர். பாட்டி தங்கிய லாட்ஜ், சாப்பிட்ட இட்லி, ஏர்போர்ட்டுக்குப் போன டாக்சி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மதுரையிலிருந்து கிளம்பிய முதல் வெளிநாட்டு விமானமே 2012-ல் கொழும்புக்குத்தான் போனது, தெரியுமா?

சரக்குக்கு இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு, 2000 மார்ச்சில் அமலுக்கு வந்துவிட்டது. பல பொருட்களுக்குச் சுங்க வரி கிடையாது, சிலவற்றுக்குக் குறைவு. சேவையையும் சேர்த்து 'சீபா' என்று இன்னொரு ஒப்பந்தம் தயாரானது. 2008-ல் கையெழுத்தாகும் என்றார்கள், ஆகவில்லை. 2016-ல் 'எட்கா' என்ற புதுப் பெயரில் பேச்சு தொடங்கியது. 2018-ல் நின்று, 2023-ல் மறுபடி தொடங்கியது.

ஏன் இந்த இழுவை? மூட்டை தனியாகப் போகும். சேவைன்னா ஆளும் கூடவே போவார். இந்தியாவிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு ஆள் வந்தால் எங்கள் வேலை என்னாவது என்று இலங்கை டாக்டர்களும் இன்ஜினியர்களும் கேட்கிறார்கள். அந்த நாட்டு ஜனத்தொகை சுமார் 2.2 கோடி. நம்ம தமிழ்நாடு மட்டுமே 2011 கணக்குப்படி 7.2 கோடி! அவர்கள் பயத்தில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

சீனா பக்கமும் இதே கதைதான். 2003-ல் சீனாவும் ஹாங்காங்கும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன் சுருக்கப் பெயரும் சீபாதான்! ஹாங்காங் பார்க்கத்தான் சின்ன ஊர். வங்கி, கணக்குத் தணிக்கையில் எல்லாம் புலி. அதனால் அவ்வளவு பெரிய சீனாவுக்குள் அதன் கம்பெனிகள் தைரியமாக நுழைந்தன. தைவான் விஷயம் வேறு. சீனாவோடு 2010-ல் போட்ட முதல் ஒப்பந்தம் அமலானது. 2013-ல் சேவைக்கென்று தனியாகப் போட்டதும் வந்தது வம்பு. சின்ன கடை, அச்சகம் எல்லாம் போய்விடும் என்று 2014 மார்ச்சில் மாணவர்கள் பாராளுமன்றத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் நகரவில்லை! (நம்ம ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நிற்கவே பயம்.) அந்த ஒப்பந்தம் அமலுக்கு வரவே இல்லை.

அதுக்காக நமக்கும் இலங்கைக்கும் நடுவே ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். பக்கத்து காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்கள் அந்தக் காலத்திலேயே கொழும்பில் வட்டித் தொழில் செய்தவர்கள். இந்தியன் வங்கி 1932-லேயே அங்கே கிளை திறந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து நம்ம யு.பி.ஐ. அங்கே செல்லும். சுற்றுலா போகிறவர் கொழும்புக் கடையில் போனிலேயே பணம் கட்டலாம். இதிலெல்லாம் யார் வேலையும் பறிபோவதில்லை. அதனால்தான் எதிர்ப்பும் இல்லை.

எங்க அத்தை பையன் நர்சிங் படிக்கிறான். "கொழும்புல வேலை கிடைக்குமாடா?"ன்னு கேட்டான். "அங்கேயிருந்து பேஷன்ட் இங்க வர்றது சுலபம்ணே, நீங்க அங்க போறதுதான் கஷ்டம்"னு சொன்னேன்.

— 11-ஆம் வகுப்பு, வணிகவியல் பிரிவு