ஆளும் இல்லை, உரமும் வரவில்லை: குறுவையில் நாளைக் காப்பது எப்படி?

குறுவைக்கு முன்பு எங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வரும் விவசாயிகள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான். 'நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, என்ன செய்வது?', 'டி.ஏ.பி. எப்போது வரும்?', 'அறுவடை மெஷின் வாடகை ஏறிக்கொண்டே போகிறதே, கட்டுப்படியாகுமா?' மூன்றும் தனித்தனிப் பிரச்னைகளாகத் தெரியும். வயலில் பார்த்தால் மூன்றும் ஒரே சங்கிலி. நடவில் இழந்த நாள் அறுவடையில் மழையாக வந்து நிற்கும். மழையில் நனைந்த நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமாக வந்து நிற்கும். கடைசியில் எல்லாம் சேர்ந்து பணமாகத்தான் போகும்.

கூலியையும் வாடகையையும் குறைப்பது நம் கையில் முழுதாக இல்லை. நாளைக் காப்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது. அதற்கான வழிகளை வரிசையாகப் பார்ப்போம்.

கையிருப்பு இரண்டு வாரம்தான்

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படுகிறது. ஆடுதுறை 53, கோ 51 போன்ற ரகங்களின் வயது 105 முதல் 110 நாள். ஜூன் 15-ல் நாற்று விட்டால் அக்டோபர் முதல் வாரத்தில் அறுவடை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சுமார் இரண்டு வாரம். குறுவைக்காரரின் கையிருப்பு இவ்வளவுதான். கடைமடையில் தண்ணீர் வந்து சேரவே நாளாகும் என்பதால், அங்கே அந்தக் கையிருப்பும் இல்லை. ஆளுக்காக ஒரு வாரம், உரத்துக்காக நாலு நாள், மெஷினுக்காக நாலு நாள் என்று காத்திருந்தால் கதிர் நிற்கும்போதே மழை பிடித்துக்கொள்ளும்.

ஆள் எங்கே போனார்கள்?

நூறு நாள் வேலைதான் காரணம் என்று சொல்வோர் நிறைய. அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொண்டாலும், அதைவிடப் பெரிய காரணங்கள் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனியும் சென்னைக் கட்டுமான வேலையும் வருடம் முழுவதும் கூலி தருகின்றன. நம் வயல் தருவது பருவத்துக்குச் சில வாரம் மட்டும். இன்று நாற்றுப் பறிக்கவும் நடவும் வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். அவர்களுடைய பெண்பிள்ளைகள் கல்லூரிக்கோ துணிக்கடைக்கோ போகிறார்கள். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து செய்யும் வேலைக்கு அவர்கள் வரப்போவதில்லை, வர வேண்டும் என்று நாம் சொல்லவும் முடியாது.

இருக்கிற ஆட்கள் எந்த வயலுக்கு முதலில் போகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அன்றன்றைக்குக் கூலி கிடைக்கிற, குடிதண்ணீரும் டீயும் நேரத்துக்கு வருகிற, சொன்ன மணிக்குக் கரையேற விடுகிற வயலுக்குத்தான். மேற்கு வங்கம், பீகார் பக்கமிருந்து வரும் நடவுக் குழுவை அமர்த்துவதானாலும் ஏக்கருக்கு எவ்வளவு, நாற்றுப் பறிப்பும் அதில் சேர்ந்ததா, சதுர மீட்டருக்கு எத்தனை குத்து என்பதை வரப்பில் இறங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். காண்டிராக்டில் வேகமாக நட்டால் குத்து குறையும். குறுவைக்குச் சதுர மீட்டருக்கு 50 குத்துக்குக் குறையக் கூடாது.

முதலில் ஆளைப் பேசுங்கள், பிறகு நாற்று விடுங்கள்

தண்ணீர் வந்ததும் ஊரே ஒரே நாளில் நாற்று விடுகிறது. ஆகவே ஊருக்கே ஒரே வாரத்தில் ஆள் தேவைப்படுகிறது. குறுகிய கால ரகத்துக்கு நாற்றின் வயது 18 முதல் 22 நாள். அதைத் தாண்டினால் தூர் கட்டுவது குறையும். எனவே நடவு நாளை முதலில் உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து 20 நாள் பின்னோக்கி எண்ணி விதையுங்கள். மூன்று ஏக்கர் உள்ளவர் நாற்றங்காலை இரண்டாகப் பிரித்து, நாலைந்து நாள் இடைவெளியில் விட்டால் ஒரே குழு இரண்டு தடவையாக வந்து நட்டுத் தரும்.

நாற்று முற்றிவிட்டால் பழைய இடைவெளியிலேயே நடாதீர்கள். நெருக்கி, குத்துக்கு மூன்று நான்கு நாற்றாக வைத்து, அடியுரத்தில் தழைச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். முழு இழப்பையும் இது ஈடுகட்டாது, ஓரளவு தாங்கும்.

இயந்திர நடவு: பாய் நாற்றங்காலில் 15 முதல் 18 நாளில் நாற்று தயார். ஏக்கருக்குச் சுமார் 15 கிலோ விதை போதும். வயல் நன்றாகச் சமன்பட்டிருக்க வேண்டும். சேற்றுழவு முடிந்து ஒன்றிரண்டு நாள் சேறு படிந்த பிறகே மெஷினை இறக்க வேண்டும். ஒரு ஏக்கருக்காக மட்டும் மெஷின்காரர் வர யோசிப்பார். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் ஐந்தாறு பேர் ஒரே ரகம், ஒரே நாள் என்று சேர்ந்து பேசினால் வாடகையும் படியும், மெஷினும் நேரத்துக்கு வரும்.

நேரடி நெல் விதைப்பு: சேற்றுழவு செய்து பரம்படித்துச் சமன்படுத்திய வயலில், முளைகட்டிய விதையை டிரம் சீடர் எனப்படும் உருளை விதைப்பானில் இட்டு இழுக்கலாம். நாற்றங்காலும் இல்லை, பறிப்பும் இல்லை, நடவும் இல்லை. வேர் அறுபடாததால் நட்ட பயிரைவிட 7 முதல் 10 நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும். நாளே கையிருப்பு என்று சொல்லும் நமக்கு இது பெரிய லாபம்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் விதைத்துவிட வேண்டும். நீளவிட்டால் துளையில் சிக்கும். விதைத்த முதல் சில நாளில் தண்ணீர் தேங்கக் கூடாது, வடிகால் வேண்டும். களைதான் முதல் எதிரி. நேரடி விதைப்புக்கு என்று பரிந்துரைத்த களைக்கொல்லியை மட்டுமே வாங்குங்கள். பிரிட்டிலாகுளோர் என்றால் பயிரைக் காக்கும் சேஃப்னர் சேர்ந்ததா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். நடவு வயலுக்கு உரியதைத் தெளித்தால் களையோடு முளையும் போய்விடும்.

டி.ஏ.பி. ஏன் தாமதமாகிறது?

கடைக்காரர் பதுக்கினார் என்பதுதான் நம் முதல் சந்தேகம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சங்கிலி மிக நீளம். நாட்டுக்குத் தேவையான பொட்டாஷ் அநேகமாக முழுவதும் இறக்குமதிதான். டி.ஏ.பி.யிலும் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. இங்கே தயாராவதற்கும் பாறை பாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து வர வேண்டும். 2021-ல் சீனா உர ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2022-ல் ரஷ்யா உக்ரைன் போர் தொடங்கியது. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. இவை ஒவ்வொன்றும் நம் ஊர் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கு வரை வந்து தட்டியது. துறைமுகத்தில் இறங்கிய பிறகும் ரயில் வேகன், லாரி, சுமை இறக்கும் ஆள் என்று நாள் கூடுகிறது.

மணிச்சத்து முழுவதும் அடியுரமாகப் போக வேண்டும். டி.ஏ.பி. வரட்டும் என்று நடவைத் தள்ளினால் நாள் நஷ்டம். நட்டு ஒரு மாதம் கழித்து டி.ஏ.பி.யை மேலே வீசினால் உரம் நஷ்டம். பயிருக்குத் தேவை மணிச்சத்து. அது எந்தப் பையிலிருந்து வந்தாலும் வேருக்கு ஒன்றுதான்.

டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஏக்கருக்குத் தழை 50, மணி 20, சாம்பல் 20 கிலோ. இதை நான்கு வழிகளில் தரலாம்.

1. டி.ஏ.பி. 44 கிலோ, யூரியா 92 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ.
2. 20:20:0:13 காம்ப்ளக்ஸ் 100 கிலோ, யூரியா 65 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ.
3. சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, யூரியா 109 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ.
4. 10:26:26 காம்ப்ளக்ஸ் 77 கிலோ, யூரியா 92 கிலோ. இதற்குத் தனியாகப் பொட்டாஷ் தேவையில்லை.

இரண்டாவது, மூன்றாவது வழிகளில் கந்தகச் சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. உங்கள் ஊரில் அன்றைக்கு எது இருக்கிறதோ, அதன் விலையைப் போட்டு நான்கையும் கூட்டிப் பாருங்கள். மண் வள அட்டையில் மணிச்சத்து 'அதிகம்' என்று இருந்தால் அளவைக் குறைக்கலாம். வருடாவருடம் டி.ஏ.பி. போட்ட பல வயல்களில் மணிச்சத்து தேங்கிக் கிடக்கும். ஏக்கருக்குப் பாஸ்போபாக்டீரியா நான்கு பாக்கெட்டைத் தொழுவுரத்தில் கலந்து இட்டால் அது பயிருக்குக் கிடைக்கும்.

யூரியாவை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நான்காகப் பிரித்துத்தான் இடப் போகிறோம். எல்லோரும் ஒரே வாரத்தில் வாங்கினால்தான் கடையில் தட்டுப்பாடு வருகிறது.

விலையைப் பொறுத்தவரை, 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை சில ஆண்டுகளாக 1,350 ரூபாய். பையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. 'இந்த மருந்தையும் வாங்கினால்தான் யூரியா' என்று வேறு பொருளைத் தலையில் கட்டுவதும் தவறு. ஆதார் கொண்டு விற்பனைக் கருவியில் பதிந்து, பில் வாங்குங்கள். பில்லோடு வந்தால்தான் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் நடவடிக்கை எடுக்க முடியும்.

மெஷின் வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது

அறுவடை மெஷினுக்கு மணிக்கு இவ்வளவு என்றுதான் வாடகை. டீசலும் டிரைவர் சம்பளமும் ஏறும்போது அதைக் குறையச் சொல்லி பயனில்லை. மணியைக் குறைக்கலாம். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட்டால் டயர் வண்டியே இறங்கும். ஈர வயலுக்குப் பெல்ட் வண்டிதான் வேண்டும், அதன் வாடகை அதிகம். சாய்ந்த பயிரை அறுக்க நேரம் பிடிக்கும். யூரியாவை அள்ளிப் போட்டவர் அதற்கு இரண்டாவது தடவையாக மெஷின் வாடகையில் பணம் கட்டுகிறார். மணிகளில் நூற்றுக்கு எண்பது மஞ்சளாகிவிட்டால் அறுக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியில் இ-வாடகைப் பகுதி மூலம் முன்பதிவு செய்யலாம். அந்த இயந்திரங்கள் குறைவு, எனவே முந்திக்கொள்ளுங்கள்.

அறுத்த நெல்லை எங்கே விற்பது?

2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகை சேர்த்து, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் வழக்கமான வரம்பு. 2025 அக்டோபரில் டெல்டாவில் நிலையங்கள் முன்பு மூட்டைகள் தேங்கி நனைந்ததை எல்லோரும் பார்த்தோம். சாக்கு, லாரி, கிடங்கு, சுமை தூக்கும் ஆள், இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும் வரிசை நீண்டுவிடும்.

அந்த நேரத்தில் களத்து மேட்டுக்கே வரும் வியாபாரியிடம் தள்ளிவிடலாமா என்று மனம் சொல்லும். கணக்குப் போட்டு முடிவெடுங்கள். 22 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ நெல் 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் 94 கிலோ நிற்கும். பொது ரகத்துக்கு அதன் மதிப்பு 2,350 ரூபாய். இதிலிருந்து காயவைக்கும் கூலியையும் வண்டி வாடகையையும் காத்திருக்கும் நாட்களின் செலவையும் கழியுங்கள். வியாபாரி ஈர நெல்லுக்குத் தரும் விலை மிச்சத்தைவிட அதிகமானால் அவருக்கே கொடுக்கலாம். குறைந்தால், வெயில் அடிக்கும் வரை தார்ப்பாய் போட்டுக் காப்பதே மேல். இணையவழிப் பதிவுக்கான சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல்களை அறுவடைக்கு முன்பே எடுத்து வைத்துக்கொண்டால் அங்கேயும் இரண்டு நாள் மிச்சம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

பக்கத்து வயல்காரர்கள் ஐந்து பேரைக் கூட்டி ரகத்தையும் நடவு நாளையும் முடிவு செய்யுங்கள். நடவுக் குழுவையோ மெஷினையோ பேசி முன்பணம் கொடுங்கள். அது முடிந்த பிறகே விதையை ஊற வையுங்கள். மண் வள அட்டையைத் தேடி எடுத்து, மேலே சொன்ன நான்கில் உங்களுக்கு எது கட்டுப்படியாகும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உரக்கடையில் 'டி.ஏ.பி. இல்லை' என்ற பதில் வந்தால், அன்றைக்கே அடுத்த வழிக்குப் போய்விடலாம்.

உங்கள் வயலின் பரப்பு, ரகம், மண் பரிசோதனை எண்கள் ஆகியவற்றோடு இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதினால், உங்களுக்கு ஏற்ற உரக் கணக்கைப் போட்டுத் தருகிறோம்.